ஒட்டுத் தெரிகிற இடம்

நம் வட்டத்தில் ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். ஒருவர் ஒரு பிரெஞ்சுப் பெயரைச் சொல்வார். அதை மறுப்பதற்காக மற்றவர் இன்னொரு பிரெஞ்சுப் பெயரைச் சொல்வார். படம் மேஜைமேல் கிடக்கும். இதை நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் நானே இரண்டு பிரெஞ்சுப் பெயர்களைச் சொல்லப்போகிறேன். ஆனால் படத்தைக் கையில் எடுத்து, இந்த இடம் சரியில்லை என்று விரல் வைத்துக் காட்டிப் பேசுகிற ஒரு கூட்டத்தைக் காஞ்சிபுரத்தில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். அவர்கள் பேசுவது கார்ப் படங்களைப் பற்றி. மாற்றியமைத்த கார்கள், வேகத்துக்கென்று தயார் செய்த கார்கள். சில மாதங்களாக அவர்களோடு உட்கார்ந்து கேட்டுவருகிறேன். விமர்சனம் என்ற பெயரில் நான் இத்தனை வருஷமாகச் செய்துவருவது என்ன என்கிற சந்தேகம் அங்கேதான் எனக்கு வந்தது.

பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது கடை. ஏழு மணிக்கு மேல் ஐந்தாறு பையன்கள் சேர்வார்கள். பையன்கள் என்பது என் வயதுக்கு. எல்லோரும் இருபதைத் தாண்டியவர்கள். ஒருவன் தறியில் உட்காருகிறவன். ஒருவனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. இன்னொருவன் டிங்கரிங் ஷெட்டில் இருக்கிறான். மற்றவர்களைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. நான் போய் உட்கார ஆரம்பித்தபோது அவர்களில் ஒருவனிடமும் கார் கிடையாது. கைபேசியில் படங்கள் வரும். கேரளத்தில் யாரோ தாழ்த்திவிட்ட ஹோண்டா சிட்டி, கோயமுத்தூரில் யாரோ பாதுகாத்து வைத்திருக்கும் எஸ்டீம், ஜப்பானிய ஸ்கைலைன், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தூசியோடு திரும்பும் ஒரு போலோ. கைபேசி கை மாறும். ஒருவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: ஸ்டாக்கா?

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது ஸ்டாக். மாற்றியது எது, மாற்றாதது எது என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும். மட்கார்டு வளைவுக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி. ஸ்ப்ரிங்கை முறையாக மாற்றியிருக்கிறானா, அல்லது இருந்த ஸ்ப்ரிங்கை அறுத்துவிட்டானா. சக்கரம் வளைவுக்குள் அடங்குகிறதா, வெளியே பிதுங்குகிறதா. எல்லாவற்றையும் ஒரு படத்திலிருந்து சொல்கிறார்கள். வண்டியைத் தாழ்த்தாமலே, படத்தை மட்டும் திருத்தித் தாழ்த்திக் காட்டும் மோசடியும் உண்டு. டயர் தரையைத் தொடும் இடத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருநாள் டிங்கரிங் பையன் ஒரு பளபளக்கும் கறுப்பு வண்டியின் கதவைப் பெரிதாக்கினான். எதிரே இருந்த மதில் சுவரின் விளிம்பு கதவில் பிரதிபலித்திருந்தது. கோடு நேராக வந்து, கைப்பிடிக்குக் கீழே லேசாக நெளிந்து, மறுபடி நேராகப் போயிற்று. ‘பட்டி பாத்திருக்கு’ என்றான். அடிபட்டு ஒடுங்கிய தகட்டின்மேல் பட்டி வைத்துத் தேய்த்து வர்ணம் அடித்திருக்கிறார்கள். வர்ணம் பொய் சொல்கிறது, அதில் விழுந்த சுவர் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கு என்னிடமும் ஒரு படத்தை நீட்டினார்கள். பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றேன். ‘எது சார்?’ என்றான் தறிக்காரப் பையன். கேலியாகக் கேட்கவில்லை. எந்த இடம் என்று நான் சொல்லப்போவதாக நினைத்துக் காத்துக்கொண்டிருந்தான். மொத்தமாக, என்றேன். அவன் மரியாதையாகக் கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கவிதைத் தொகுதிக்கு முன்னுரை எழுதினேன். எழுதியவர் நெருங்கியவர். அதில் குறைந்தது நான்கு கவிதைகள் பாதியில் கைமாறியவை என்று எனக்குத் தெரியும். முதல் பாதி அவருடைய அனுபவம், பின் பாதி எங்கோ படித்ததன் தொனி. ஒட்டு எந்த வரியில் என்பதும் தெரியும். நான் ‘ஒரு முழுமையான பிரக்ஞையின் வெளிப்பாடு’ என்று எழுதினேன். அதாவது, மொத்தமாக.

‘எது?’ என்று கேட்கும் பழக்கம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு யூகம் உண்டு. கோயில் நகரம், தேர், வாகனம் என்று ஆரம்பித்து, வைகாசிக் கருட சேவையையும் காரையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதிவிடலாம். அது எளிய வேலை, பிரயோஜனமில்லாததும்கூட. இந்தப் பையன்கள் காரைக் கும்பிடவில்லை, சோதிக்கிறார்கள். சோதிக்கும் கண் கோயிலிலிருந்து வந்ததல்ல, தறியிலிருந்து வந்தது.

காஞ்சிபுரம் சேலையில் கோர்வை என்பது உடலும் கரையும் சேரும் இடம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஆளுக்கொரு நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றித் திரும்ப வேண்டும். ஒருவரால் ஓடிவராத வேலை. எதிர்ப்பக்கத்து நாடாவை எறிய இன்னொரு ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு சிறுவனாக இருந்தான், அதைப் பற்றி ஊர் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோர்வை இல்லாமல் நெய்தால் வேலை மிச்சம். ஆனால் உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடிவிடும். சிவப்புக் கரை சிவப்பாக இராது, உடலின் பச்சையைக் குடித்துக் கலங்கி நிற்கும். இந்த ஊரில் ஒரு கிழவி சேலையைப் பிரித்ததும் பார்ப்பது ஜரிகையை அல்ல. கரை கலங்கியிருக்கிறதா என்பதைத்தான். பிறகு திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பாள்.

பத்தொன்பது அங்குலச் சக்கரம் போட்ட ஒரு ஸ்விஃப்ட் படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பையன், ‘சேரல, ஒட்டு தெரியுது’ என்றான். சக்கரம் தனியாக அழகு, வண்டி தனியாக அழகு. இரண்டும் ஒன்றையொன்று பற்றவில்லை. வேறொரு படத்தில், ஒட்டே தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே வர்ணத்தில் முக்கியெடுத்த வண்டி. அதற்கும் அவன் சம்மதிக்கவில்லை. ‘இது கலங்கிப்போச்சு’ என்றான். இந்த இரண்டாவது தீர்ப்பில்தான் எனக்கு ஆச்சரியம். ஒட்டுத் தெரிவது தோல்வி, ஒட்டை அழித்துவிடுவதும் தோல்வி. உடல் உடலாகவும் கரை கரையாகவும் இருந்துகொண்டே சேர வேண்டும்.

ரோலான் பார்த் 1955ஆம் வருஷத்துப் பாரிஸ் கார்க் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் டி.எஸ். வண்டியைப் பற்றி எழுதிய கட்டுரை நம்மில் பலர் படித்ததே. 1957இல் வந்த ‘மிதாலஜீஸ்’ தொகுப்பில் இருக்கிறது. கார் என்பது நம் காலத்தின் கோதிக் தேவாலயம் என்று அவர் சொன்னதை மட்டும் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். அதே கட்டுரையில் அவர் கவனித்த இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. கிறிஸ்துவின் அங்கி தையலற்றது, வழவழப்பு என்பது பூரணத்துவத்தின் அடையாளம் என்று சொல்லிவிட்டு, இந்தக் காரில் ஜனங்களை இழுப்பது பாகங்கள் சேரும் இடங்கள்தான் என்கிறார். கண்ணாடியும் தகடும் சந்திக்கும் விளிம்புகளை அவர்கள் விரலால் தடவிப் பார்க்கிறார்களாம். பற்றவைத்த உலகத்திலிருந்து, தத்தம் வடிவத்தின் பலத்தாலேயே சேர்ந்து நிற்கிற உலகத்துக்கு வந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றுகிறது. பாரிஸில் அது ஒரு புதிய உலகம். பிள்ளையார்பாளையத்தில் அதற்குப் பெயர் கோர்வை.

நம் பக்கங்களில் எழுதுகிற ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். வாங்க முடியாத பண்டத்தின் படத்தைப் பார்த்து ஏங்குவதை ரசனை என்று சொல்லாதீர்கள், அது சந்தை ஊட்டிய கனவு, தறிக்காரன் பிள்ளை தன் வறுமையை மறப்பதற்கு ஒரு போதை என்றார். நான் நாலு நாள் யோசித்தேன். போதை என்றால் அது இவ்வளவு குற்றம் கண்டுபிடிக்காது. ஏங்குகிறவன் கதவில் சுவரின் கோடு நெளிவதைப் பார்க்கமாட்டான். தவிர, வாங்க முடியாததைப் பற்றி நுட்பமாகத் தீர்ப்புச் சொல்வது இந்த ஊருக்குப் புதிதா? தலைமுறை தலைமுறையாக நெய்தவன் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்தச் சேலையை உடுத்தினார்கள்? உடுத்தாத சேலையின் கோர்வையைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர்கள் காந்தி ரோட்டுக் கடைகளுக்கு வருகிறவர்களில் உண்டா? உடைமையோடு ரசனையைச் சேர்த்துக் கட்டிவிட்டது யார் என்று நண்பரைக் கேட்க நினைக்கிறேன். அந்த முடிச்சு சந்தை போட்டது. அதை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அவரும் அதே முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலைப் பையன் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு ஒரே ஒரு பாகத்தைப் பொருத்துகிறான். அவன் பொருத்திய வண்டிகளில் ஒன்றின் படம்கூட அவனிடம் இல்லை. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உலகத்தில் யாரோ எடுத்த வண்டிகளின் படமெல்லாம் அவன் பையில் இருக்கிறது, அவன் கை பட்டதன் படம் இல்லை. இதை அவன் குறையாகச் சொல்லவில்லை. ‘உள்ள இருக்கறது எல்லாம் ஸ்டாக்கு சார், அதுல பாக்க என்னா இருக்கு’ என்றான்.

அந்தப் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. மனிதன் இல்லை. நம்பர் பிளேட் அழிக்கப்பட்டிருக்கும், ஓட்டுகிற இடம் இருட்டு. வண்டி முக்கால் பக்கம் திரும்பி, முன்சக்கரத்தை லேசாக ஒடித்துக்கொண்டு, காலி இடத்தில் நிற்கும். பொருட்காட்சி ஸ்டூடியோக்களில் ஒரு காலத்தில் தட்டியில் கார் வரைந்து வைத்திருப்பார்கள். நாம் பின்னால் நின்று முகத்தை மட்டும் காட்டுவோம். அங்கே முகம்தான் நிஜம், கார் பொய். இங்கே கார் நிஜம், முகம் போய்விட்டது.

நடுவில் இன்னொரு காலம் இருந்தது. பழைய சோழவரம் பந்தயப் படங்கள் சிலவற்றை ஒருவர் வீட்டில் பார்த்தேன், கறுப்பு வெள்ளை. சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை. 1953இல் அமைந்த மதறாஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1980களின் கடைசி வரையில் அங்கே பந்தயம் நடத்திற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் தடம் வந்தபின் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்நாளில் இந்த தேசத்தில் ஒருவன் போய் வாங்கக்கூடிய கார் ரூபங்கள் ஏறத்தாழ மூன்றுதான்: அம்பாஸடர், 1089 சி.சி. ஃபியட், மதறாஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வேகம் வேண்டுமென்றால் இந்த மூன்றில் ஒன்றைத்தான் திருத்த வேண்டும். படங்களில் ஃபியட் பம்பரைக் கழற்றிப்போட்டு, உள்ளே ஒரே ஒரு ஸீட்டோடு, பானட்டை வாரால் கட்டிக்கொண்டு வளைவில் சாய்கிறது. பின்னால் வேட்டியும் பான்ட்டுமாகக் கூட்டம், வண்டி போகிற திசையில் எல்லோர் தலையும் திரும்பியிருக்கிறது. கோயமுத்தூர் கரிவர்தன் இதே பரம்பரை. மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து ஒற்றை ஆள் பந்தய வண்டியாக, ஃபார்முலா மாருதியாக மாற்றினார். நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில் ஓடத் தொடங்கி 2005இல் ஃபார்முலா ஒன்று வரை போனார். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை, 1995லேயே போய்விட்டார். வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகிற எஞ்சினுக்குள் இன்னொரு சாத்தியம் இருப்பதைக் கண்டதை நான் வாசிப்பு என்றுதான் சொல்வேன்.

சோழவரம் படங்களில் பல அலங்கிப்போனவை, ஓரம் வெட்டுப்பட்டவை. இன்றைய படங்களின் துல்லியம் அவற்றில் இல்லை. ஆனால் வேகம் இருக்கிறது. லார்த்திக் என்கிற பிரெஞ்சுக்காரர் (இரண்டாவது பெயர், இதோடு சரி) 1910களின் ஆரம்பத்தில், பதின்வயதில், ஒரு கிராண்ட் பிரீ பந்தயத்தில் எடுத்த படம் ஒன்று பிரசித்தம். காமிராவின் திரை ஒரு கீற்றாக நகர்ந்து பிம்பத்தைப் பதிவு செய்கையில் கார் ஓடிவிட்டது. அவரும் காமிராவைக் காரோடு திருப்பினார். ஆகவே சக்கரம் நீள்வட்டமாகி முன்னே சாய்கிறது, நின்றிருந்த ஜனங்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். கெட்டுப்போன படம் என்று அவர் ஒதுக்கிவைத்தார். அரை நூற்றாண்டு கழித்துத்தான் உலகம் அதைக் கொண்டாடியது. டீக்கடையில் இந்தப் படத்தைக் காட்டினேன். தறிக்காரப் பையன் வெகுநேரம் பார்த்தான். ‘பாவு இழுத்துக்கிச்சு’ என்றான். அதற்குமேல் நான் ஒன்றும் விளக்கவில்லை.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை சட்ட விரோதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட லட்சணங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. பாதுகாப்பு என்கிற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஸ்ப்ரிங்கை அறுத்த வண்டி எதிரே வந்தால் நானும் ஒதுங்குவேன். எனக்குச் சுவாரஸ்யமானது, மூலம் என்பதைச் சட்டம் எப்படி நிர்ணயிக்கிறது என்பது. காரில் மூலம் கம்பெனியின் காகிதத்தில் இருக்கிறது. சேலைக்கும் ஒரு சட்டம் உண்டு: கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களைப் பற்றி 1985இல் வந்தது, பிறகு 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. அங்கே மூலம் ஒரு செய்முறையில் இருக்கிறது. ஒன்று பொருளைப் பூட்டுகிறது, மற்றது கையைக் காப்பாற்றுகிறது, காப்பாற்றுவதாகச் சொல்கிறது. 1959இல் ‘எழுத்து’ வந்து, யாப்பைக் கழற்றிப்போட்ட கவிதைகள் அதில் வர ஆரம்பித்தபோது நம் பண்டிதர்கள் கையில் இருந்ததும் ஒரு 52ஆவது பிரிவுதான். ஆனால் அந்த வெற்றியின் பெயரால் பிறகு வந்த அறுத்த ஸ்ப்ரிங்குகளை நாம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு சொல் உண்டு: ஸ்லீப்பர். வெளியே பார்க்க ஸ்டாக். பழைய எஸ்டீம், மங்கிய வர்ணம், கம்பெனி வீல் கப். உள்ளே எஞ்சின் முழுவதும் வேறு. இந்த ரகத்துக்குத்தான் அவர்களிடம் உச்சமான மரியாதை. ஆனால் படமாக எடுத்தால் ஒன்றுமே தெரியாது. டயர் ஒரு நூல் அகலம், சைலன்சர் வாய் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான் துப்பு. இந்தப் படம் வந்தால் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். அசோகமித்திரனின் வாக்கியங்களை நினைத்துக்கொண்டேன். ஸ்டாக் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்ட விமர்சகர்கள் எத்தனை பேர்! இந்த இடத்தில் படத்தை வைத்துச் செய்யும் விமர்சனம் தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. ஓட்டிப் பார்க்க வேண்டும். அது அவர்களுக்குக் கிடைக்காது. அது தெரிந்தேதான் அந்தப் படத்தை வேறு எதையும்விட அதிக நேரம் பார்க்கிறார்கள்.

போன மாதம் தொழிற்சாலைப் பையன் ஒரு கார் வாங்கினான். பழைய மாருதி 800. உற்பத்தி 2014லேயே நின்றுபோன வண்டி. வேலூர்ப் பக்கம் யாரிடமிருந்தோ, அம்மாவின் நகையை வைத்து. வண்டியைக் கைலாசநாதர் கோயில் வாசலுக்கு எதிரே நிறுத்திச் சாயங்கால வெயிலில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். முக்கால் பக்கம், முன்சக்கரம் லேசாக ஒடித்து. வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் படத்தோடு வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. கைபேசி சுற்றி வந்தது. ஸ்டாக்கா? ஸ்டாக்குதான். நல்ல வெள்ளை. தறிக்காரப் பையன் பெரிதாக்கினான். பின்கதவில் நிறுத்தினான்.

‘இந்தக் கதவு வேற வண்டியோடது.’

‘இல்லடா.’

‘கலர் பாரு. முன்கதவோட சேரல.’

டிங்கரிங் பையன் வாங்கிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான். வாங்கியவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது. வெயில் சாய்வாக விழுந்ததால் அப்படித் தெரியலாம், சாயங்கால வெளிச்சம் ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு மாதிரி விழும் என்றேன்.

‘வெளிச்சம் இல்ல சார்’ என்றான் தறிக்காரப் பையன். பிறகு அவன் பக்கம் திரும்பி, ‘அந்தப் பக்கம் எடுத்த படம் இருக்கா?’ என்று கேட்டான். இருந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.